அவளுடைய காலணியில் ஒரு மைல்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். தவக்காலம் 5ம் வாரம், திங்கள். வாசகங்கள்: தானியேல் 13, யோவான் 8:1-11)

மேற்படிப்புக்காக நான் அமெரிக்க ஐக்கிய நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் ஒருநாள். ஏப்ரல் மாதம், சனிக்கிழமை காலை. நூலகத்திற்குப் போகும் வழியில் ஒரு பூங்கா. அதன் வாசலில் ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். அறுபது, எழுபது ஆண்கள் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கல்லூரி மாணவர்கள், சீருடை அணிந்த தீயணைப்பு வீரர்கள், கோட்டு சூட்டு போட்ட அலுவலர்கள், தலை நரைத்த தாத்தாக்கள். எல்லாருடைய காலிலும் பெண்கள் அணியும் ஹை ஹீல்ஸ் காலணி. அதுவும் பளீரென்ற சிவப்பு நிறத்தில். ஒருவர் தடுமாறி விழப்போனார், பக்கத்தில் வந்தவர் தோளைக் கொடுத்தார். இன்னொருவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நானும் சிரித்தேன். என்னருகில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, நடப்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கழுத்துப் பட்டையைப் பார்த்து அருள்பணியாளர் என்று தெரிந்துகொண்டார். "சிரியுங்கள், ஃபாதர். முதலில் சிரிக்க வேண்டும் என்றுதான் இப்படி நடக்கிறார்கள். சிரித்து முடித்ததும் இதை வாசியுங்கள்" என்று ஒரு சிறிய அட்டையைக் கையில் வைத்தார். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் உள்ளூர் மையத்தின் தொலைபேசி எண் அதில் இருந்தது. அட்டையை நான் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பத்தொன்பது வயதானபோது இப்படி ஓர் எண் என்னிடம் இல்லை."

என் சிரிப்பு நின்றது. வேறு எதுவும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த நடையைப்பற்றிப் பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய காலணியை மாட்டிக்கொண்டு ஒரு மைல் நடந்து பார்க்க வேண்டும் என்பது ஆங்கிலம் பேசும் மக்களிடையே வழங்கும் பழமொழி. 2001ம் ஆண்டு, கலிபோர்னியாவில், ஃபிராங்க் பேர்ட் என்பவர் இந்தப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். ஒரு சில ஆண்களைச் சேர்த்துக்கொண்டு, பெண்களின் காலணியோடு ஒரு பூங்காவைச் சுற்றி நடந்தார். அந்தச் சிறு நடை இன்று அமெரிக்காவின் பல நகரங்களிலும், கனடாவிலும், வேறு பல நாடுகளிலும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு மைல் என்பது ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். நம் ஊரில் திருவிழாத் தேர் பவனிக்கு நடக்கும் தூரம்கூட இல்லை.

இது ஒரு நன்கொடை நடையும்கூட. நடக்க விரும்புபவர் தன் பெயரைப் பதிவு செய்கிறார். நண்பர்களிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும், "நான் நடக்கிறேன், நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டுப் பணம் திரட்டுகிறார். அந்தப் பணம் உள்ளூர் உதவி மையத்திற்குப் போகிறது. அந்த மையம் என்ன செய்கிறது? நள்ளிரவில் மணி அடித்தாலும் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருக்கிறார். வன்முறைக்கு ஆளான பெண் மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்கு ஒருவர் போகிறார். காவல் நிலையத்தில் பக்கத்தில் உட்காருகிறார். நீதிமன்றத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அமர்ந்து பேசி ஆற்றுப்படுத்துகிறார். பார்ப்பதற்கு வேடிக்கையாகத் தெரிந்த சிவப்புக் காலணிகளுக்குப் பின்னால் இத்தனை வேலை நடக்கிறது.

சரி, ஏன் ஆண்கள் நடக்க வேண்டும்? பெண்கள் நடந்தால் போதாதா?

பெண்கள் அதற்கு முன்பே நடந்துவிட்டார்கள். 1970களில் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு கொலைகாரன் பெண்களைத் தேடித் தேடிக் கொன்றுவந்தான். 13 பெண்கள் இறந்தார்கள். அவன் பிடிபடும்வரை, பெண்கள் இரவில் வீட்டைவிட்டு வெளியே வராமலிருப்பது நல்லது என்று காவல் துறை அறிவுரை சொன்னது. லீட்ஸ் நகரப் பெண்களுக்கு இது பொறுக்கவில்லை. 1977ம் ஆண்டு நவம்பர் 12ம் தேதி இரவு, அவர்களும் மற்ற சில நகரங்களின் பெண்களும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: குற்றம் செய்வது ஓர் ஆண், வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியது மட்டும் நாங்களா?

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்டுப் பார்ப்போம். இருட்டுவதற்குள் வந்துவிடு, அந்தத் தெரு வழியாகப் போகாதே, சிரித்துப் பேசாதே, துப்பட்டாவைச் சரியாகப் போடு... நம் மகள்களுக்கு நாம் சொல்லும் அறிவுரைகளுக்குக் கணக்கே இல்லை. அதே வீட்டில் வளரும் மகனிடம் இதைப்பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

ஆண்கள் எழுந்ததற்கும் ஒரு துயரமே காரணம். 1989ம் ஆண்டு டிசம்பர் 6ம் தேதி, கனடாவின் மோன்ட்ரியால் நகரில், பொறியியல் கல்லூரி ஒன்றில் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். வகுப்பறையில் இருந்த ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, பெண்களைச் சுட்டான். அன்று அந்தக் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டு ஆண்கள் சிலர் இரண்டு ஆண்டுகள் இதை மனதில் போட்டுப் புரட்டினார்கள். 'அவன் பைத்தியக்காரன், நாம் அப்படி இல்லை' என்று சொல்லி விட்டுவிட அவர்களால் முடியவில்லை. 1991ல் சட்டையில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொள்ளும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ரிப்பன் குத்திக்கொள்பவர் மூன்று வாக்குறுதிகளைத் தருகிறார். பெண்ணுக்கு எதிராக வன்முறை செய்யமாட்டேன். பிறர் செய்வதற்கு நியாயம் சொல்லமாட்டேன். அதைக் கண்டு மௌனமாக இருக்கமாட்டேன்.

முதல் வாக்குறுதியைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் நிம்மதியடைந்துவிடுகிறோம். நான் யாரையும் தொட்டதில்லை, அடித்ததில்லை, எனவே இது எனக்கான மறையுரை அல்ல என்று வானொலியின் ஒலியைக் குறைக்கவும்கூடும். கொஞ்சம் பொறுங்கள். இன்றைய முதல் வாசகம் மற்ற இரண்டு வாக்குறுதிகளைப்பற்றியது.

சூசன்னாவின் கதை நமக்குத் தெரியும். பாபிலோனில் வாழ்ந்த யூதக் குடும்பம். கணவர் யோவாக்கிம் செல்வர், மதிப்பு மிக்கவர். அவருடைய வீட்டிலேயே வழக்குகள் விசாரிக்கப்பட்டன. அந்த ஆண்டு நீதி வழங்க நியமிக்கப்பட்டிருந்த முதியோர் இருவரும் அங்கே நாள்தோறும் வந்துபோனார்கள். கவனியுங்கள், அவர்கள் இருட்டில் ஒளிந்திருந்த முகம் தெரியாத திருடர்கள் அல்லர். வீட்டுக்கு வந்துபோகும் பெரிய மனிதர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே வருபவர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2021ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண், அதாவது 73 கோடிக்கும் அதிகமான பெண்கள், தம் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதைச் செய்தவர் கணவர் அல்லது துணைவர். அந்நியர்கள் அல்ல.

தோட்டத்தில் சூசன்னா தனியே இருந்தபோது அந்த இருவரும் அவரை மிரட்டினார்கள். இணங்காவிட்டால், ஓர் இளைஞனோடு இருந்தாய் என்று சாட்சி சொல்வோம் என்றார்கள். அவர் கத்தினார். அவர்களும் கத்தினார்கள். மறுநாள் மக்கள் கூட்டம் கூடியது. அவருடைய முக்காட்டை நீக்கச் சொன்னார்கள், அங்கேயும் அவர் அழகைக் கண்ணால் மேய்வதற்காக. பெற்றோர் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள், உறவினர் இருந்தார்கள். அனைவரும் அழுதார்கள். ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? இல்லை. சாட்சி சொன்னவர்கள் முதியோர், நீதிபதிகள். அதனால் கூட்டம் நம்பியது, மரண தண்டனை விதித்தது. எதிர்த்துக் கேட்க எவரும் இல்லாத இடத்தில் கண்ணீரால் சூசன்னாவுக்கு ஒரு பயனும் இல்லை.

முக்காட்டை நீக்கச் சொன்னதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். இத்தாலியில் ஓட்டுநர் பயிற்சி அளித்த ஒருவர், தம்மிடம் பயின்ற 18 வயதுப் பெண்ணைக் கெடுத்ததாகத் தண்டனை பெற்றார். நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. அவள் அணிந்திருந்தது இறுக்கமான ஜீன்ஸ், அவளே உதவாமல் அதைக் கழற்றியிருக்க முடியாது என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1999ல் இந்தத் தீர்ப்பு வெளியானதும், இத்தாலிய நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர்கள் ஜீன்ஸ் அணிந்தே அவைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் இன்றும் ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், அதே எதிர்ப்பின் நினைவாக ஆண்களும் பெண்களும் ஜீன்ஸ் அணிகிறார்கள்.

கூட்டத்தில் தானியேல் என்ற ஓர் இளைஞர் இருந்தார். அவருக்குப் பதவி இல்லை. சூசன்னாவின் உறவினர் என்றும் சொல்லப்படவில்லை. கொலைக்களத்திற்கு அவரைக் கொண்டுபோகும்போது, இந்தப் பெண்ணின் இரத்தத்தில் எனக்குப் பங்கில்லை என்று உரக்கக் கத்தினார். கூட்டம் நின்றது. பிறகு அவர் செய்தது வீரச் செயல்கூட இல்லை. இருவரையும் தனித்தனியாகப் பிரித்து, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். எந்த வழக்கு விசாரணையிலும் முதலில் கேட்கவேண்டிய சாதாரணக் கேள்விதான் அது. அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அன்பு நெஞ்சங்களே, இந்த வாசகத்தை இத்தனை ஆண்டுகளும் நான் தானியேலின் பக்கம் நின்றே வாசித்து வந்தேன். ஆனால் நான் நின்ற இடம் அதுவல்ல. அருள்பொழிவு பெற்று முதல் பங்கில் பணியாற்றியபோது, ஒரு மாலை ஒரு தாயும் 14 வயது மகளும் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்தான் பேசினார். பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டவர் உறவுக்காரர், பங்குப் பேரவையிலும் இருந்தவர். நான் அதிர்ந்துபோனேன். அந்த அதிர்ச்சியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நான் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன் அம்மா. வெளியே சொல்லாதீர்கள். பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது." அந்தத் தாய், "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் கூப்பிட்டேன், அவர் மறுத்தார். அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் பீடத்தருகே வந்து வாசகம் வாசித்தார். நான் வாசிக்க விட்டேன். அந்தச் சிறுமி எந்த வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

அன்று நான் இரக்கத்தோடுதான் நடந்துகொண்டேன் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அந்தப் பூங்காவில் தண்ணீர் கொடுத்த பெண்மணி சொன்ன ஒரு வரிதான் அந்த நம்பிக்கையை உடைத்தது.

மறையுரையாளர்களாகிய எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 6ம் தேதி புனித மரியா கொரற்றியின் திருநாள். 1902ல், 11 வயதில், ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்த அலெசாந்திரோ செரனெல்லி என்ற 20 வயது இளைஞனால் குத்தப்பட்டு, அவனை மன்னித்து இறந்தவர். 1950ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரை நாங்கள் எப்போதும் சிறுமிகளுக்குத்தான் மறையுரையாக்கியிருக்கிறோம். சில வேளைகளில், கேட்கும் சிறுமியின் மனதில், உயிரோடு தப்பியவள் குறைந்தவள் என்ற எண்ணம் விழும்படியாகவும் பேசிவிட்டோம். அது திரு அவையின் போதனை அல்ல. 410ல் உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது வன்முறைக்கு ஆளான பெண்களைப்பற்றி புனித அகுஸ்தீன் எழுதினார். மனம் இசையாதபோது, பிறர் செய்த பாவத்தால் ஒருவருடைய தூய்மை அழிவதில்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

அலெசாந்திரோவைப்பற்றி நம் இளைஞர்களிடம் ஒரு மறையுரையாவது சொல்லியிருக்கிறோமா? அந்தச் சிறுமியை அவன் அதற்கு முன்பும் தொந்தரவு செய்து, மிரட்டியிருந்தான். அவள் பயந்து வெளியே சொல்லவில்லை. அவன் 27 ஆண்டுகள் சிறையில் இருந்தான். மனம் மாறினான். விடுதலையானபின் மரியாவின் தாய் அசுந்தாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டான். கப்புச்சின் துறவிகளின் இல்லத்தில் வேலை செய்து வாழ்ந்து, 1970ல் இறந்தான். முதிய வயதில் எழுதிவைத்த மடலில், இளமையில் தான் வாசித்த கெட்ட எழுத்துக்களும் கண்ட தீய எடுத்துக்காட்டுகளும் தன்னை இழுத்துப்போனதாகச் சொல்லியிருக்கிறான். இன்று அவை ஒவ்வொரு பையனின் சட்டைப்பையிலும் இருக்கும் செல்போனில் கிடைக்கின்றன.

நான் பார்த்த நடைக்கு வருகிறேன். அதைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஆண்கள் ஹீல்ஸ் மாட்டிக்கொண்டு தடுமாறுவது பெண்களையே கேலிப்பொருளாக்குகிறது என்கிறார்கள். பெண்ணின் துன்பம் அவளுடைய காலணியில் இல்லையே என்று கேட்கிறார்கள். 2015ல் இராணுவப் பயிற்சி மாணவர்கள் சீருடையோடு சிவப்புக் காலணி அணிந்து நடந்தபோது, அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. இந்தக் குறைகளில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. காலில் கொப்புளம் வந்த ஆண் அரைமணி நேரத்தில் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் ஷூவை மாட்டிக்கொள்கிறார். பெண்ணால் எதைக் கழற்றி எறிய முடியும்? இன்று பல ஊர்களில், விருப்பமானவர் எந்தக் காலணியோடும் நடக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவே நல்லது. ஆயினும், காலணிக்காக வந்தவர்கள் நூறு பேரில் பத்துப் பேர் அட்டையை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனால், அதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

ஒருநாள் நடை மட்டும் போதாது என்பதையும் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். சில பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியாளர்கள், வாரம் ஒருமுறை, பயிற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் பையன்களோடு பேசினார்கள். பெண்ணை எப்படி மதிப்பது, உடன் ஆடுபவன் ஒரு பெண்ணைப்பற்றிக் கேவலமாகப் பேசினால் என்ன செய்வது, இவைதான் பேச்சு. 2012ல் வெளியான முடிவின்படி, அந்தப் பள்ளிகளின் பையன்கள், தவறு நடக்கும்போது குறுக்கிட மற்றவர்களைவிட அதிகம் முன்வந்தார்கள். ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, தாங்கள் பழகும் பெண்களைத் துன்புறுத்துவதும் அவர்களிடையே குறைவாக இருந்தது. பேசியவர் பேராசிரியர் அல்லர், மனநல மருத்துவர் அல்லர். பையன்கள் யாருக்குப் பயந்து, யாரைப் பார்த்து வளர்கிறார்களோ அந்தப் பயிற்சியாளர்.

நம் பையன்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கபடி கற்றுத்தரும் அண்ணன், பீடச் சிறுவர்களுக்குப் பொறுப்பானவர், இளைஞர் இயக்க வழிகாட்டி, மறைக்கல்வி ஆசிரியர், வீட்டில் அப்பா, சித்தப்பா, மாமா. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு ஒருவர் இழிவாக எழுதும்போது, "இதை எடுத்துவிடு தம்பி" என்று ஒரே ஒரு வரி எழுதுகிற அண்ணன் தானியேலின் வேலையைச் செய்கிறார். டீக்கடைப் பேச்சில், அந்தப் பெண் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள் என்று ஒருவர் ஆரம்பிக்கும்போது, அவன் ஏன் அங்கே நின்றான் என்று கேட்பவரும் அப்படியே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020ம் ஆண்டின் முதல் நாள் மறையுரையில், பெண்ணுக்கு இழைக்கப்படும் எந்த வன்முறையும், பெண்ணிடம் பிறந்த கடவுளையே இழிவுபடுத்துவதாகும் என்றார். இன்றைய நற்செய்தியில் இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். எல்லாருடைய கண்களும் அந்தப் பெண்மீது இருந்தபோது அவர் தம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, கல்லைப் பிடித்திருந்த ஆண்களைத் தங்களையே பார்க்க வைத்தார். முதியோர் தொடங்கி ஒவ்வொருவராக வெளியேறினார்கள் என்று எழுதுகிறார் யோவான். சூசன்னாவின் கதையிலும் முதியோர்தான் என்பது நினைவிருக்கட்டும்.

கடைசியாக, நான் அன்று அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "நீ சொன்னதை நம்புகிறேன் மகளே, உன்மேல் தவறில்லை." இதுதான் முதல் வார்த்தை. அடுத்தது, பாதுகாப்பும் மருத்துவமும் சட்டமும் அவளுக்குக் கிடைக்க உடன் செல்வது. இன்று நம் நாட்டில் 2012ம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்த எவரும், குருவானாலும் ஆசிரியரானாலும் உறவினரானாலும், காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். நான் அன்று செய்ததை இன்று ஒரு பங்குத்தந்தை செய்தால் அவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடவும் சட்டம் தடை விதிக்கிறது, ஆகவே மானம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்திற்கு 112. மூன்றும் கட்டணமில்லா எண்கள்.

அந்தப் பெண்மணி கொடுத்த அட்டை இன்றும் என் திருப்புகழ்மாலை நூலுக்குள் இருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு உங்கள் ஆலய அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இந்த எண்கள் இல்லாவிட்டால் பங்குத்தந்தையிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். ஏற்கெனவே இருந்தால் அநேகமாகப் பெண்கள் அமரும் பக்கத்தில்தான் இருக்கும். இன்னொரு தாளில் எழுதி, ஆண்கள் அமரும் பக்கத்துத் தூணிலும் ஒட்டிவையுங்கள்.